நீலாம்பூரில் எந்தப் பக்கம் திரும்புவது? கோவையைக் கடந்து கேரளம் செல்லும் வழிகள்: ஓர் ஒப்பீடு

சேலம், ஈரோடு பக்கத்திலிருந்து காரில் பாலக்காட்டுக்கோ திருச்சூருக்கோ குருவாயூருக்கோ செல்பவர்களுக்கு 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் இயல்பான வழி. பழைய எண்ணில் அது 47. செங்கப்பள்ளியிலிருந்து, கோவைக்குக் கிழக்கேயுள்ள நீலாம்பூர் வரை ஏறத்தாழ 43 கிலோமீட்டருக்கு அந்தச் சாலை ஆறு வழியாக விரிந்து கிடக்கிறது. கோவைக்கு மறுபுறம் மதுக்கரையிலிருந்து வாளையார் வரை நான்கு வழியாகவும், வாளையாரிலிருந்து வடக்கஞ்சேரி வரை மேலும் 54 கிலோமீட்டருக்கு நான்கு வழியாகவும் செல்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, நீலாம்பூரையும் மதுக்கரையையும் இணைக்கும் 28 கிலோமீட்டர் புறவழிச்சாலை மட்டும் போக ஒரு வழி, வர ஒரு வழி என இரண்டே தடங்களுடன், நடுத்தடுப்பு இல்லாமல் நிற்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ஓட்டுநர் நீலாம்பூரில் இடப்புறம் திரும்பியதும் ஒரு சரக்கு லாரியின் பின்னால் 35-இல் ஊர்ந்துகொண்டிருப்பார். நகரத்தைத் தவிர்ப்பதற்காகப் போட்ட சாலையே பயணத்தின் மிக மெதுவான பகுதியாகிவிட்ட இந்த நிலையில், புறவழியையே பிடிப்பதா, நகருக்குள் புகுந்து செல்வதா, கோவையையே தொடாமல் பொள்ளாச்சி வழியாகச் சுற்றுவதா என்ற கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரை.

ஒப்பீட்டின் எல்லையை முதலில் வகுத்துக்கொள்வது நல்லது. திருச்சூர் செல்பவர்களுக்கு மூன்று வழிகளும் வடக்கஞ்சேரியில் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் பன்னியங்கரைச் சுங்கச்சாவடி, 2021 ஜூலை இறுதியில் முதல் குழாய் திறக்கப்பட்ட குதிரான் சுரங்கப்பாதை, மண்ணுத்தி என எல்லாம் எல்லோருக்கும் பொது. ஆகவே வடக்கஞ்சேரி வரை என்ன நடக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

புறவழிச்சாலை ஏன் இப்படி ஆனது என்பதை அறிந்துகொள்வது வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் உதவும். 1990-களின் இறுதியில், தனியார் முதலீட்டில் சாலை அமைத்துச் சுங்கம் வசூலித்து ஈடுகட்டிக்கொள்ளும் முறை நாட்டில் புதிதாக இருந்தபோது, அந்த முறையில் முதன்முதலாக வந்த திட்டங்களில் இதுவும் ஒன்று. கட்டிய நிறுவனத்தின் பெயரால் மக்கள் இன்றும் இதை எல் அண்ட் டி பைபாஸ் என்றே அழைக்கிறார்கள். அன்றைய போக்குவரத்துக்கு இரண்டு தடங்கள் போதுமாக இருந்தன. சிக்கல் சாலையில் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த நிறுவனம் சுங்கம் வசூலிக்கும் சலுகைக் காலம் 2029 வரை என்று எழுதப்பட்டுவிட்டதால், இருபுறமும் நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டபோது நடுப்பகுதி மட்டும் அந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றது. செங்கப்பள்ளி முதல் வாளையார் வரை என்று பெயர் சூட்டப்பட்ட விரிவாக்கத் திட்டம், நடுவில் 28 கிலோமீட்டரைத் தாண்டிக் குதித்து மறுகரையில் மீண்டும் தொடங்கியது. வாகனங்களால் அப்படிக் குதிக்க முடிவதில்லை. கட்டிய நிறுவனத்தைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் கட்டினார்கள். போக்குவரத்து இத்தனை அளவைத் தாண்டினால் சாலையை அகலப்படுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் முப்பது ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சமவெளியில் ஏழு மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலை நாளொன்றுக்கு 15,000 கார்களுக்கு இணையான போக்குவரத்தை ஓரளவு வசதியாகத் தாங்கும். நான்கு வழிச் சாலையோ 35,000-க்கும் மேல் தாங்கும். தடங்கள் இரட்டிப்பானால் தாங்கும் அளவு இரட்டிப்பைவிடக் கூடுதலாக உயர்வதற்குக் காரணம் முந்திச் செல்லும் வசதிதான். நான்கு வழியில் மெதுவான லாரியை எந்நேரமும் தாண்டலாம். இருவழியில் எதிர்த்தடம் காலியாகும் கணத்துக்காகக் காத்திருக்கவேண்டும். போக்குவரத்து பெருகப் பெருக அந்தக் கணங்கள் அருகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு சாலையின் வேகத்தை அதிலுள்ள மிக மெதுவான டாரஸ் லாரிதான் நிர்ணயிக்கும். கணக்காகச் சொன்னால், 28 கிலோமீட்டரை மணிக்கு 60 கிலோமீட்டர் சராசரியில் கடந்தால் 28 நிமிடம், 40-இல் கடந்தால் 42 நிமிடம், 30-இல் கடந்தால் 56 நிமிடம். கோவையைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைக்காததன் காரணம் இந்த அரைமணி நேர இடைவெளிதான்.

இரண்டாவது குறை சந்திப்புகள். கோவையிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலப் பிரியும் சாலைகளில் முக்கியமானவற்றை இந்தப் புறவழி வெட்டிக்கொண்டு செல்கிறது: சிந்தாமணிப்புதூரில் திருச்சி சாலை, அதையடுத்துச் செட்டிபாளையம் சாலை, ஈச்சனாரிப் பக்கத்தில் பொள்ளாச்சி சாலை. முழு நீளத்துக்கும் அணுகுசாலை இல்லை. சந்திப்புகள் பெரும்பாலும் சமதளத்திலேயே இருக்கின்றன. இருகூர், பட்டணம், வெள்ளலூர் எனக் கிராமங்களாக இருந்தவை நகரத்தோடு ஒட்டிவிட்டன. சாலையோரத்தில் கிடங்குகளும் மண்டபங்களும் கல்லூரிகளும் வந்து, ஒவ்வொன்றும் தன் வாசலை நேராகப் புறவழிக்கே திறந்துவைத்துக்கொண்டன. தொலைதூர வாகனத்துக்கென்று போட்ட சாலையில் பால்காரரின் இருசக்கர வாகனமும் பள்ளிப் பேருந்தும் சேர்ந்து செல்வதற்கு அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர்களுக்கு வேறு சாலை கொடுக்கப்படவில்லை. புறவழிக்கு நிலம் எடுக்கும்போதே இருபுறமும் அணுகுசாலைக்கான இடத்தைச் சேர்த்து எடுக்காவிட்டால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எந்தப் புறவழியும் ஊரின் கடைவீதியாகிவிடும் என்பதற்கு இது பாடப்புத்தக உதாரணம்.

முன்பு இச்சாலையில் குறுக்குச் சாலைகளையொட்டி மொத்தம் ஆறு சுங்கச்சாவடிகள் இருந்தன. சலுகைக் காலம் முடியும் முன்பே, 2025-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சாலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பின் ஐந்து மூடப்பட்டு, மதுக்கரையில் மட்டும் வசூல் தொடர்கிறது. உள்ளூர் மக்களுக்கு இது நியாயமான நிவாரணம். தொலைதூரப் பயணிக்கோ இதில் இரண்டு முகங்கள் உண்டு. இடையிடையே நின்று செல்வது குறைந்தது. அதேவேளை, சுங்கத்துக்கு அஞ்சி ஊர்ச்சாலைகளைச் சுற்றிக்கொண்டிருந்தவர்களும் இனித் தயங்காமல் புறவழியைப் பயன்படுத்துவார்கள் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளவேண்டும்.

இரவில் இச்சாலையின் குணமே வேறு. பகலில் பொறுமையைச் சோதிக்கும் சாலை, இரவில் கண்ணைச் சோதிக்கிறது. நடுத்தடுப்பு இல்லாததால் எதிரே வரும் ஒவ்வொரு வாகனத்தின் முகப்பு விளக்கும் நேராக நம் முகத்தில் அடிக்கிறது. விளக்கைத் தாழ்த்தும் பழக்கம் நம் சாலைகளில் அருகிவிட்டது. அந்த ஒளி கடந்துபோன அடுத்த இரண்டு மூன்று நொடிகளுக்கு ஓரத்தில் நடப்பவரோ விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டரோ தெரியமாட்டார்கள். ஆறு வழிச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டியவருக்கு வேகம் பழகிப்போயிருக்கும். 60 என்பது நின்றுகொண்டிருப்பது போலத் தோன்றும். அந்த மயக்கத்தோடு இருவழிச் சாலையில் நுழைந்து எதிர்த்தடத்தில் முந்த முனைவதுதான் இங்கே மிகப் பெரிய ஆபத்து. புறவழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் கணியூர்ச் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் ஐந்து நிமிடம் நிறுத்தித் தேநீர் அருந்திவிட்டுப் புறப்படுவது வீண் தாமதமில்லை.

இனி நகர்வழி. சில ஆண்டுகளுக்கு முன்வரை இதை ஒரு வாய்ப்பாகச் சொல்லியிருந்தால் கோவைக்காரர்கள் சிரித்திருப்பார்கள். சின்னியம்பாளையம் தொடங்கி விமான நிலையம், ஹோப் காலேஜ், பீளமேடு, நவஇந்தியா, லட்சுமி மில்ஸ், அண்ணா சிலை என ஒவ்வொரு சிக்னலிலும் நின்று, பின்பு உக்கடத்தில் பேருந்துகளுக்கு நடுவே சிக்கி, ஆத்துப்பாலத்தைத் தாண்டுவதற்குள் ஒரு மணி நேரம் கரைந்துவிடும். இரண்டு கட்டுமானங்கள் இந்தக் கணக்கை மாற்றிவிட்டன. உக்கடத்திலிருந்து பாலக்காடு சாலைக்கும் பொள்ளாச்சி சாலைக்கும் பிரியும் 3.8 கிலோமீட்டர் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அவிநாசி சாலையில் கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள நான்கு வழி உயர்மட்டச் சாலை 2025 அக்டோபர் 9 அன்று ஜி.டி. நாயுடுவின் பெயரில் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு ஆன செலவு 1,791 கோடி ரூபாய். மேலே ஏறிவிட்டால் அத்தனை சிக்னல்களும் காலுக்குக் கீழே போய்விடுகின்றன.

பலரும் கவனிக்காத ஒரு செய்தி, தூரம். நீலாம்பூரிலிருந்து நகரத்தின் ஊடாக மதுக்கரை செல்ல ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் ஆகிறது. புறவழி நகரத்தின் தென்கிழக்கை வளைத்துச் செல்வதால், தூரத்தில் அது மிச்சப்படுத்துவது மிகச் சொற்பம். தொடக்கத்திலிருந்தே அதன் ஒரே வாக்குறுதி நேரம்தான். அந்த நேரத்தை அது தர இயலாத வேளைகளில் நகர்வழியை ஒதுக்குவதற்கு வேறு காரணமே இல்லை.

ஆனால் நகர்வழியில் இரண்டு ஒட்டுப்போட்ட இடங்கள் இருக்கின்றன. வழியின் தகுதி முழுவதும் அவற்றைப் பொறுத்தது. முதலாவது, உப்பிலிபாளையத்தில் இறங்கி உக்கடத்தில் மறுபடி ஏறும்வரை உள்ள மூன்று நான்கு கிலோமீட்டர். ரயில் நிலையம், அரசு மருத்துவமனை, டவுன்ஹால் என நகரத்தின் நெஞ்சுப் பகுதி இது. இரண்டு மேம்பாலங்களையும் தனித்தனியே திட்டமிட்டவர்கள் நடுவிலுள்ள இந்த இடைவெளியை யார் இணைப்பது என்று யோசித்ததாகத் தெரியவில்லை. புறவழியில் நடந்த அதே கதையின் சிறு வடிவம் இங்கே. பகல் வேளையில் நேராக ரயில் நிலையப் பக்கம் செல்லாமல், சுங்கம் என்ற பெயருள்ள சந்திப்புக்குச் சென்று வாலாங்குளத்தின் கரையோரமாக உக்கடத்தை அடையும் சாலையைப் பிடிப்பது நல்லது. தூரம் சற்றுக் கூடினாலும் குறுக்குச் சாலைகள் குறைவு, ஏரிக்காற்றும் கிடைக்கும். இரண்டாவது ஒட்டு, ஆத்துப்பாலத்துக்கு அப்பால். மேம்பாலம் இறக்கிவிட்டதும் வருவது குனியமுத்தூர். கடைகளும் பள்ளிகளும் நெருங்கிய, இருபுறமும் வாகனங்கள் நிறுத்தப்பட்ட சாலை. கோவைப்புதூர் பிரிவைத் தாண்டும்வரை இங்கே வேகம் எதிர்பார்க்கக்கூடாது. காலை எட்டு முதல் பத்தரை வரையும், மாலை நாலரை முதல் எட்டரை வரையும் இந்த இரண்டு ஒட்டுகளும் சேர்ந்து, உயர்மட்டச் சாலையில் மிச்சப்பட்ட நிமிடங்கள் அனைத்தையும் விழுங்கிவிடும்.

ஆகவே இவ்விரண்டுக்கும் இடையே என் தீர்ப்பு நேரத்தைப் பொறுத்தது, அதுவும் பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. இரவு ஒன்பதரை மணி முதல் காலை ஏழு மணி வரை நகருக்குள் செல்லுங்கள். அப்போது அவிநாசி சாலையின் மேல்தளம் காலியாக இருக்கும், தெருவிளக்கு வெளிச்சம் இருக்கும், நடுத்தடுப்பு இருக்கும், குனியமுத்தூரில் கடைகள் அடைத்திருக்கும். அதே இரவில்தான் புறவழியில் சரக்கு லாரிகள் வரிசைகட்டுகின்றன, எதிர்விளக்குகள் கூசுகின்றன. இரவில் ஊருக்குள் நுழையாமல் புறவழியில் செல்வதே பாதுகாப்பு என்ற பழைய அறிவுரை, புறவழி வெறிச்சோடிக் கிடந்த காலத்தில் பிறந்தது. முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் மூன்றரை வரை இரண்டும் ஏறக்குறைய சமம்; வண்டியில் வயதானவர்கள் இருந்தால், உணவுக்கோ மருந்துக்கோ நிறுத்த வசதியுள்ள நகர்வழியை நான் விரும்புவேன். காலை, மாலை நெரிசல் வேளைகளில் மட்டும் புறவழியே மேல். அப்போதும் அது விரைவானது என்பதால் அல்ல; நகரம் அதைவிட மோசம் என்பதால்.

மூன்றாவது வழி, கோவையைக் கண்ணால்கூடக் காணாமல் கடப்பது. பல்லடத்திலிருந்து காமநாயக்கன்பாளையம், நெகமம் வழியாகப் பொள்ளாச்சி சென்று, மீனாட்சிபுரம் பக்கமாக எல்லையைக் கடந்து, கோவிந்தாபுரம், கொல்லங்கோடு, நெம்மாறா வழியாக மங்கலம் பாலத்தில், அதாவது வடக்கஞ்சேரி அருகே, மறுபடி 544-ஐப் பிடிப்பது. வாளையாரும் பாலக்காடும் இந்த வழியில் வருவதில்லை. இந்த வழியின் தகுதி, எங்கிருந்து புறப்படுகிறோம் என்பதைப் பொறுத்து முற்றிலும் மாறுகிறது.

பெருந்துறையிலிருந்து புறப்படுபவர் நெடுஞ்சாலையிலேயே சென்றால் வடக்கஞ்சேரிக்குச் சுமார் 155 கிலோமீட்டர். சென்னிமலை, காங்கேயம், பல்லடம், பொள்ளாச்சி எனச் சுற்றினால் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் கூடுதல். விஜயமங்கலம், கணியூர், மதுக்கரை, வாளையாரை அடுத்த பாம்பாம்பள்ளம் ஆகிய சுங்கச்சாவடிகள் மிச்சமாகும். ஆனால் நெடுஞ்சாலையில் கிடைக்கும் வேகத்தை ஊர்ச்சாலைகளில் எடுக்க முடியாது. பெருந்துறையிலிருந்து வருபவருக்கு இது நேரக்கணக்கில் நட்டம்தான். அவிநாசிக்கு வந்த பிறகு மனம் மாறித் திருப்பூர் வழியாகப் பல்லடம் செல்ல முயல்வது அதைவிட நட்டம். பின்னலாடை லாரிகளும் நிறுவனப் பேருந்துகளும் நிறைந்த திருப்பூரைக் குறுக்கே கடப்பது, ஒரு நெரிசலுக்கு அஞ்சி இன்னொரு நெரிசலில் விழுவது.

கரூர், திருச்சிப் பக்கத்திலிருந்து 81-ஆம் எண் நெடுஞ்சாலையில் வருபவருக்கோ கணக்கு வேறு. அவர் எப்படியும் காங்கேயம் தாண்டிப் பல்லடத்துக்கு வரத்தான் வேண்டும். அங்கிருந்து சூலூர், சிந்தாமணிப்புதூர், புறவழியின் எஞ்சிய பகுதி, வாளையார் வழியாக வடக்கஞ்சேரி சுமார் 110 கிலோமீட்டர். பொள்ளாச்சி, கொல்லங்கோடு வழியாகவும் ஏறத்தாழ அவ்வளவே. தூரம் சமமாக இருக்கும்போது, சிந்தாமணிப்புதூர்ச் சந்திப்பையும் அதற்கப்பால் லாரி வரிசையையும் தேடிப்போவானேன்? பல்லடம் பேருந்து நிலையத்தைத் தாண்டுவது எந்த வழியிலும் தொல்லைதான், அந்த ஊரின் நெரிசல் நாடறிந்தது. அதன்பின் காற்றாலைகளும் கோழிப்பண்ணைகளும் தென்னந்தோப்புகளுமாகச் சாலை திறந்துகொள்கிறது. திண்டுக்கல், பழனிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. 83-ஆம் எண் நெடுஞ்சாலை அவர்களை உடுமலை வழியாக நேரே பொள்ளாச்சியில் கொண்டுவந்து சேர்க்கிறது. அங்கிருந்து கோவைக்கு ஏறி மறுபடி இறங்குவது வீண்சுற்று.

பொள்ளாச்சிக்கு அப்பாலுள்ள பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் இந்த வழியின் இன்பமும் இடரும் அங்கேதான் இருக்கின்றன. எல்லையைத் தாண்டியதும் இடதுபக்கம் நெல்லியாம்பதி மலைத்தொடர் சுவர்போல எழுந்து கூடவே வரும். கீழே வயல்கள், வரப்பில் பனைகள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்த மலைச்சரிவில் வெள்ளிக்கோடுகளாக நீர் இறங்குவதைக் காண்பதற்காகவே சிலர் இந்த வழியில் செல்கிறார்கள். ஆனால் சாலை இருவழிதான், வளைவுகள் அதிகம், கொல்லங்கோடு, நெம்மாறா ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களின் ஊடாகவே செல்லவேண்டும், கேரளத்துப் பேருந்துகளின் வேகம் நம்மவர்களைச் சற்றுத் திடுக்கிட வைக்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பாலக்காட்டுக் கணவாயில் வீசும் காற்று, திறந்தவெளியில் உயரமான வண்டிகளைப் பக்கவாட்டில் தள்ளும். செவ்வாய், வியாழக் கிழமைகளில் பொள்ளாச்சி மாட்டுச்சந்தை; ஏப்ரல் தொடக்கத்தில் நெம்மாறா வல்லங்கி வேலா என்னும் கோவில் திருவிழா, அன்று அந்த ஊரைக் காரில் கடப்பதை மறந்துவிடலாம். இருட்டிய பிறகு அறிமுகமில்லாதவர்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். பகலில், அவசரமில்லாத பயணத்தில், புறவழியின் லாரி வரிசையைவிட இது நூறு மடங்கு மேலானது. இரண்டுமே இருவழிச் சாலைகள்தானே என்று கேட்கலாம். ஊர்ச்சாலை தன்னை நெடுஞ்சாலை என்று சொல்லிக்கொள்வதில்லை. அதில் செல்பவர் தொடக்கத்திலிருந்தே ஊர்ச்சாலையின் வேகத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறார். சரக்கு லாரிகளும் அங்கே குறைவு.

கைப்பேசி வரைபடத்தை நம்பலாமா என்பது இன்று எல்லா வழித்தேர்வுகளிலும் எழும் கேள்வி. நெரிசல் எங்கே இருக்கிறது என்று சொல்வதில் அது கெட்டிக்காரத்தனமானது. அந்த அளவில் நம்பலாம். ஆனால் மூன்று நிமிடம் மிச்சமாகும் என்பதற்காக நீலாம்பூரிலிருந்து இருகூர், வெள்ளலூர்ச் சந்துகளுக்குள் திருப்பிவிடவும் அது தயங்காது. சாலையின் அகலம், வேகத்தடைகளின் எண்ணிக்கை, எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமுண்டா என்பதையெல்லாம் அதன் கணக்கு எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. நான் பின்பற்றும் விதி எளியது: பரிந்துரைக்கப்படும் மாற்றுவழி குறைந்தது பதினைந்து நிமிடத்தை மிச்சப்படுத்தாவிட்டால் பிடித்த வழியை விடுவதில்லை, மிச்சப்படுத்தினாலும், வழியில் உள்ள ஊர்ப்பெயர்களைப் பெரிதாக்கிப் பார்த்து, அவற்றில் பேருந்து செல்லும் சாலை எது என்று அறிந்தபின்தான் திரும்புவது. இன்னொன்று: முடிவை கணியூருக்கு முன்பே எடுத்துவிடவேண்டும். நீலாம்பூர்ப் பிரிவில் வந்து தயங்கிக் கடைசி நொடியில் தடம் மாறுகிறவர்கள் தங்களுக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் ஆபத்தை உண்டாக்குகிறார்கள்.

கோவைக்கு மேற்குப் புறவழி வருகிறதே, அது உதவாதா என்று சிலர் கேட்பதுண்டு. பாலக்காடு சாலையில் மதுக்கரை அருகே மைல்கல்லில் தொடங்கி, மாதம்பட்டி வழியாக நகரின் மேற்கே வளைந்து, மேட்டுப்பாளையம் சாலையில் நரசிம்மநாயக்கன்பாளையத்தில் முடியும் 32 கிலோமீட்டர்ச் சாலை அது. பாலக்காட்டிலிருந்து ஊட்டி செல்பவர்களுக்கும், பேரூர், மருதமலைப் பக்கம் செல்பவர்களுக்கும் அது வரம். சேலத்திலிருந்து வருபவருக்கு அதனால் நேரடிப் பயன் ஏதுமில்லை. கிழக்கேயுள்ள பழைய புறவழியை அகலப்படுத்தும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அது நல்ல செய்தி என்றாலும், வேலை தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரை அந்த 28 கிலோமீட்டர் இன்றிருப்பதைவிட மோசமாகத்தான் இருக்கும். அந்த இடைக்காலத்தில் நகர்வழியும் பொள்ளாச்சி வழியும் இன்னும் பலருக்குத் தேவைப்படும்.

திரும்பி வரும் பயணத்துக்குத் தனியாக ஒரு சொல் தேவைப்படுகிறது, ஏனெனில் போகும்போது சரியாக இருந்த வழி வரும்போது சரியாக இருப்பதில்லை. குருவாயூர் சென்றவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பின் புறப்பட்டு, மாலை ஆறு, ஏழு மணிக்கு மதுக்கரையை அடைகிறார்கள். அந்த வேளையில் குனியமுத்தூரும் நெரியும், புறவழியும் நெரியும், பொள்ளாச்சிச் சாலையும் இருட்டத் தொடங்கியிருக்கும். மூன்று வழிகளும் ஒருசேர மோசமாக இருக்கும் நேரம் அதுவே. புறப்பாட்டை ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி நாலரைக்குள் மதுக்கரையைத் தாண்டிவிட்டால் புறவழியிலேயே வரலாம். அது இயலாதென்றால் வாளையாருக்கு முன்பு ஆலத்தூரிலோ கஞ்சிக்கோட்டிலோ இரவு உணவை முடித்துக்கொண்டு, ஒன்பதரைக்குப் பின் ஆத்துப்பாலத்தில் மேம்பாலம் ஏறி, உப்பிலிபாளையத்தில் அடுத்ததில் ஏறினால், பத்தேகாலுக்குள் நீலாம்பூரைத் தாண்டிவிடலாம்.